அமெரிக்கப் பள்ளியில் 12ஆம் வகுப்பு கவர்ன்மெண்ட் பாடத்துக்கு ஆசிரியர் கொடுக்கும் சிலபஸில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

டெக்சஸுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, மகன் 12ஆம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான், முதல் வாரமே கவர்ன்மெண்ட் (அமெரிக்க அரசும் அரசியல் சட்டமும் பற்றிய பாடம்) டீச்சர் நான்கு பக்க சிலபஸ் தாள் ஒன்றைக் கொடுத்துப் பெற்றோர் கையெழுத்துக் கேட்கிறார், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். டாலஸ் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பதினோரு வருடமாக இதே பாடத்தை நடத்துகிறேன். ஆகஸ்ட் வந்தால் அப்படி ஒரு தாளை நானும் உட்கார்ந்து எழுதுவேன். நம்மவர்கள் பலர் அதைப் பள்ளி டைரியில் போடுகிற கையெழுத்து மாதிரி நினைத்துப் படிக்காமலேயே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு அரை மணி நேரம் மகனோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். டெக்சஸில் இது அரை கிரெடிட் பாடம் (பாடத்தை முடித்ததற்குக் கணக்கில் சேரும் அலகுதான் கிரெடிட்). ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும், அடுத்த செமஸ்டரில் பொருளாதாரம் வரும். இரண்டும் இல்லாமல் பள்ளி முடித்ததற்கான டிப்ளமா கிடையாது. பதினெட்டு வாரம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். முதல் மாதம் ஊரும் பேச்சும் பழகட்டும், அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டால் நான்கில் ஒரு பங்கு அதற்குள் போயிருக்கும்.

தேர்ச்சி மதிப்பெண்ணைப் பாருங்கள். நம்மூரில் 35 எடுத்தால் பாஸ். இங்கே 70. 68 வாங்கி வந்த பையனிடம் 'பரவாயில்லையே' என்று அப்பா சொல்லிவிட்டுப் போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மகன் விளையாட்டிலோ இசைக்குழுவிலோ சேர்ந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மதிப்பெண் 70க்குக் கீழே இறங்கினால் மூன்று வாரம் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. மாநிலச் சட்டமே அப்படி, பள்ளியில் கெஞ்சிப் பயனில்லை.

தேர்வுக்கு எவ்வளவு, தினசரி வேலைக்கு எவ்வளவு என்று ஒரு விகிதம் எழுதியிருக்கும். என் வகுப்பில் 60, 40. தேர்வு மட்டும் நன்றாக எழுதிவிட்டு வகுப்பு வேலைகளைத் தராமல் இருந்தால் அந்த 40 அப்படியே கரையும். தாமதமாகத் தந்தால் நாளுக்குப் பத்து மதிப்பெண் குறைப்பேன், மூன்று நாளுக்கு மேல் வாங்க மாட்டேன். இது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், அதனால்தான் உங்கள் தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். தேர்வில் தவறினால் மறுபடி எழுத விடுவார்களா, எத்தனை நாளுக்குள், அதிகபட்சம் எத்தனை தருவார்கள் என்பதையும் பாருங்கள்.

அடுத்தது வருகை. நம் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். டெக்சஸ் சட்டப்படி வகுப்பு நடக்கும் நாட்களில் 90 சதவீதம் வந்திருந்தால்தான் கிரெடிட். பல பள்ளிகளில் ஒரு பாடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், ஆக ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 45 வகுப்பு. நாலைந்து வகுப்பு விட்டாலே எல்லைக்கு வந்துவிடுவான். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், 'டிக்கெட் விலை குறைவு, பொங்கல் முடிந்து வருகிறோம்' என்று ஜனவரி மூன்றாவது வாரம் வரை இழுக்கிறார்கள். முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டோமே என்பார்கள். கடிதம் கொடுத்தாலும் நாள் நாள்தான். 90க்குக் கீழே போனால் பள்ளியில் ஒரு குழு கூடி, விட்ட நேரத்தை எப்படி ஈடுகட்டுவது என்று சொல்லும். அது சனிக்கிழமைகளில் போய் உட்காருவதாகவும் இருக்கலாம்.

போன் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025-26 கல்வியாண்டிலிருந்து டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்க போன் கூடாது. அவசரம் என்றால் அலுவலகத்துக்குக் கூப்பிடுங்கள், மகனின் போனுக்கு மெசேஜ் அனுப்பி அவனை மாட்டிவிடாதீர்கள்.

இனி எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி. தாளில் 'கலந்துரையாடல்' என்றோ 'வகுப்புப் பங்கேற்பு' என்றோ ஒரு பத்தி இருக்கும். உங்கள் மகன் அதிகம் திணறப்போவது அங்கேதான்.

சில வருடத்துக்கு முன்னால் திருச்சியிலிருந்து நேராக என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். அருமையான மாணவன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட் எப்படி அமைந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். அவன் கொண்டுவந்தது பாடநூலின் 4 பத்திகள், ஒரு கமா மாறாமல். மனப்பாடம் செய்து எழுதியிருந்தான், பார்த்து எழுதவில்லை. ஆனால் என் தாளில் 'மேற்கோள் குறிப்பிடாமல் பிறர் எழுத்தைத் தந்தால் பூஜ்ஜியம்' என்று இருக்கிறது. அவனுக்குப் புரியவே இல்லை. 'மிஸ், எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கேன்' என்றான், கண் கலங்கிவிட்டது. மதிய இடைவேளையில் உட்கார வைத்து, 'வயோமிங்கில் 6 லட்சத்துக்கும் குறைவான ஜனம். கலிஃபோர்னியாவில் 4 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு செனட்டர். உனக்கு இது சரியாகப் படுகிறதா?' என்று கேட்டேன். யோசித்துவிட்டு, 'ஜனத்தொகை வச்சுப் பார்த்தா தப்பு மிஸ், ஆனா சின்ன ஸ்டேட்டை யாருமே கேக்க மாட்டாங்களே' என்றான். 'அதைத்தான் எழுது' என்றேன். அடுத்த நாள் அரைப் பக்கம் கொண்டுவந்தான். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. இந்த நாட்டின் அரசியல் சட்டத்தை 1787இல் எழுதியவர்கள் அடித்துக்கொண்ட அதே கேள்வியை அவன் தன் சொந்த வார்த்தையில் பிடித்திருந்தான்.

ஆகவே அந்தப் பத்திக்கு அர்த்தம் இதுதான்: ஆசிரியர் கேட்பது உங்கள் மகனின் கருத்தும் அதற்கு அவன் தரும் ஆதாரமும். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கித் தருவதை நாங்கள் ஏற்காததும் அதனால்தான். ஆசிரியரோடு மாறுபட்டுப் பேசலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது. சக மாணவனை ஏளனம் செய்வதுதான் கூடாது. நான் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று பதினோரு வருடத்தில் ஒரு மாணவருக்கும் சொன்னதில்லை. சர்ச்சையான நடப்பு விவகாரத்தை எடுத்தால் அரசியல் சார்பு இல்லாமல் நடுநிலையாக நடத்த வேண்டும் என்று 2021இல் மாநிலம் சட்டமே போட்டிருக்கிறது.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். கையிலிருக்கும் தாளில் உள்ள விதிகள் பலவற்றுக்குப் பின்னால் உச்ச நீதிமன்ற வழக்குகள் இருக்கின்றன. அவையே அவன் பாடமும்கூட. வியட்நாம் போரை எதிர்த்து 1965இல் கறுப்புப் பட்டை கட்டி வந்ததற்காக அயோவாவில் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட 13 வயது மேரி பெத் டிங்கரின் வழக்கில், பாடம் நடப்பதைக் குலைக்காதவரை மாணவருக்குப் பேச்சுரிமை உண்டு என்று 1969இல் தீர்ப்பு வந்தது. அதே சமயம், நியாயமான சந்தேகம் இருந்தால் பள்ளி அலுவலர் மாணவியின் பையைச் சோதிக்கலாம் என்று 1985இல் இன்னொரு தீர்ப்பு சொன்னது. காலையில் கொடி உறுதிமொழி சொல்வார்கள். டெக்சஸில் அமெரிக்கக் கொடிக்கு ஒன்று, மாநிலக் கொடிக்கு ஒன்று, அப்புறம் ஒரு நிமிட மௌனம். கொடி வணக்கம் செய்யும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 1943லேயே தீர்ப்பாகிவிட்டது. வேறு நாட்டுக் குடிமகன் ஆயிற்றே என்று அவனுக்குத் தயக்கம் இருந்தால், உறுதிமொழியிலிருந்து விலக்குக் கேட்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். என் வகுப்பில் பெரும்பாலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் மரியாதைக்கு எழுந்து பேசாமல் நிற்பார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மதிப்பெண் தவறு என்று தோன்றினால் இத்தனை நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். முதல் வாரமே என் மாணவர்களுக்கு கிரகரி வாட்சன் கதையைச் சொல்வேன். 1982இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கவர்ன்மெண்ட் வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதினார். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் பற்றி 1789இல் முன்வைக்கப்பட்டு அந்தரத்தில் நின்ற ஒரு அரசியல் சட்டத் திருத்தத்தை இப்போதுகூட மாநிலங்கள் ஏற்கலாம் என்பது அவர் வாதம். கிடைத்தது சி கிரேடு. முறையிட்டும் மாறவில்லை. அவர் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். 1992இல் அது அரசியல் சட்டத்தின் 27ஆவது திருத்தம் ஆனது. 2017இல் பல்கலைக்கழகம் அவர் கிரேடை ஏ என்று மாற்றியது.

கடைசியாக, இது தாளில் இருக்காது, ஆனால் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டெக்சஸில் 17 வயது 10 மாதம் ஆனால் வாக்காளராகப் பதியலாம். வயது வந்த மாணவர்களுக்கு வருடத்தில் குறைந்தது இரண்டு முறை பதிவு விண்ணப்பம் கொடுப்பது உயர்நிலைப் பள்ளிகளின் சட்டப்படியான கடமை. பெரும்பாலும் அது எங்கள் வகுப்பில்தான் நடக்கும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்தாருக்கானது) இருக்கும் பிள்ளையானாலும் கிரீன் கார்டு வைத்திருக்கும் பிள்ளையானாலும் அந்த விண்ணப்ப அட்டையை நிரப்பவே கூடாது. 'அமெரிக்கக் குடிமகனா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறித்துக் கையெழுத்திட்டால் அது பொய்யாகக் குடியுரிமை கோரியதாகிவிடும். பிற்காலத்தில் கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாவற்றுக்கும் அது குறுக்கே நிற்கும், நாடு கடத்தவும் காரணமாகலாம்.

ஒருமுறை நான் அட்டைகளை விநியோகித்துவிட்டு நடந்து வரும்போது, எச்-4 விசாவில் இருந்த ஒரு பெண் அழகான கையெழுத்தில் முகவரி வரை எழுதி முடித்திருந்தாள். வகுப்பு வேலை, முடித்துத் தந்தால் மதிப்பெண் என்று நினைத்திருக்கிறாள். அவள் பேனா அந்தக் கட்டத்துக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. அட்டையை வாங்கி அங்கேயே கிழித்துப் போட்டேன், என் கை நடுங்கியது. தவறு என்னுடையது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, யார் நிரப்பக் கூடாது, ஏன் கூடாது, அதற்கு மதிப்பெண் ஏதும் இல்லை என்று மூன்றையும் உரக்கச் சொல்கிறேன். உங்கள் மகனின் ஆசிரியர் சொல்ல மறக்கலாம். நீங்கள் இன்று இரவே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அன்று முகம் வாடிவிட்டது. 'அப்ப எனக்கு இந்த கிளாஸ்ல என்ன மிஸ் இருக்கு?' என்று கேட்டாள். அந்த செமஸ்டரில் நகர மன்றக் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்து இரண்டு பக்கம் எழுதும் வேலை ஒன்று இருந்தது. பார்த்து எழுதினால் மதிப்பெண், பேச வேண்டும் என்பதில்லை. அன்றைய நிகழ்ச்சி நிரலில் அவர்கள் அடுக்ககத்துக்கும் பள்ளிக்கும் நடுவே உள்ள சாலைச் சந்திப்பு இருந்திருக்கிறது. பேச விரும்புகிறவர்கள் தரும் பெயர்ச் சீட்டை அவளும் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். அதில் குடியுரிமை பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மூன்று நிமிடம் தந்தார்கள். அம்மா பின்வரிசையில் உட்கார்ந்து போனில் எடுத்த படத்தை எனக்குக் காட்டினாள்: மைக் கொஞ்சம் உயரம், இவள் நுனிக்காலில் நின்றுகொண்டு பேசுகிறாள்.