கண்ணை மூடினால் உடம்பு அந்நியமாகிறது... யோகாவைத் தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. ஒரு வருடமாக, திடீர் திடீரென்று என்னை நானே தள்ளி நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. கையைப் பார்த்தால் வேறு யாருடைய கையோ என்று தோன்றும். எதிரில் பேசுபவரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும். சில நிமிடங்களில் சரியாகிவிடும். சில நாள் சாயங்காலம் வரைக்கும் நீடிக்கும். ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, கோளாறு ஒன்றும் இல்லை. மனநல மருத்துவர் 'டிசோசியேஷன்' (தன்னிடமிருந்தே மனம் விலகிப்போகும் நிலை) என்றார். கவுன்சலிங் போகிறேன். மனசு அமைதியாகட்டும் என்று யோகா வகுப்பிலும் சேர்ந்தேன். ஆனால் மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி செய்யும்போதும், கடைசியில் சவாசனத்தில் கண்ணை மூடிப் படுக்கும்போதும் அந்த உணர்வு அதிகமாகிறது. பழகப் பழகச் சரியாகும் என்கிறார் ஆசிரியர். தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: யோகாவை விட வேண்டாம். கபாலபாதியையும் கண் மூடிய சவாசனத்தையும் மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். பழகினால் சரியாகும் என்பது தசைவலிக்குப் பொருந்தும். உங்களுக்கு வருவது அதுவல்ல.

தாங்க முடியாத பயமோ நெருக்கடியோ வரும்போது, மூளை உணர்ச்சிகளின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அது ஒரு தற்காப்பு. பயம் மட்டும் குறைந்தால் பரவாயில்லை; கூடவே உடம்பிலிருந்து வரும் சேதியும் மங்கிவிடுகிறது. அதனால்தான் கை அந்நியமாகிறது, குரல் தூரமாகிறது. அந்த நேரத்திலும் அது உங்கள் கைதான் என்று உங்கள் அறிவுக்குத் தெரிகிறது அல்லவா? அது தெரிகிறவரை, பைத்தியம் பிடித்துவிடுமோ என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. தூக்கக் குறைவு, பதற்றம், கஞ்சா ஆகிய மூன்றும் இதை நன்றாகவே தூண்டிவிடும்.

கபாலபாதியில் ஏன் அதிகமாகிறது? வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. உடனே மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை லேசாகும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், சுற்றியிருப்பது நிஜமில்லாத மாதிரி தோன்றும். பேனிக் அட்டாக்கில் நடப்பதும் இதேதான். ஆரோக்கியமானவருக்குக்கூட இது வரலாம். உங்களுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. மூச்சை வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகாவுக்கும், மூச்சை உள்ளே அடக்கும் கும்பகத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. சவாசனத்தில் சிக்கல் வேறு. கண்ணை மூடி அசையாமல் கிடந்தால் வெளியிலிருந்து மூளைக்கு வரும் தகவல் மிகவும் குறைந்துவிடுகிறது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது மனம் விலகிப் போவது எளிது.

ஆகவே உங்களுக்கான யோகாவுக்கு மூன்று நிபந்தனைகள்: கண் திறந்திருக்க வேண்டும், உடம்பின் எடை எதன் மீதாவது நன்றாக அழுந்த வேண்டும், எந்த நிலையிலும் நீண்ட நேரம் அசையாமல் இருக்கக் கூடாது. தினம் 10 முதல் 12 நிமிடம் போதும்.

சக்கரமில்லாத, கனமான நாற்காலியில் உட்காருங்கள். வெறுங்காலை முழுப் பாதமும் படும்படி தரையில் வையுங்கள். குதிகாலால் தரையை 5 நொடி அழுத்தி, 5 நொடி தளர்த்துங்கள். இப்படி 6 முறை. பாதம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, தொடைத் தசை இறுகும் அளவுக்கு அழுத்த வேண்டும். லேசான தொடுகை இந்த நேரத்தில் சிலருக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். அழுத்தினால் தசையும் மூட்டும் அனுப்பும் சேதியும் சேர்ந்துகொள்ளும். அடுத்து கைகளை முழங்கால் மீது வைத்து, முதுகை மெதுவாக வளைத்தும் நிமிர்த்தியும் 6 முறை செய்யுங்கள். மண்டியிட்டுச் செய்யும் மார்ஜரி ஆசனத்தின் நாற்காலி வடிவம் இது. பிறகு எழுந்து, சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, சுவரைத் தள்ளும் பயிற்சி 10 முறை. உள்ளங்கை, தோள், குதிகால் மூன்றிலும் பாரம் ஏறுவது தெரியும். என் கணக்கில் இந்த வரிசையிலேயே அதிகப் பலன் தருவது இதுதான். மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

கடைசியாக, நேராக நிமிர்ந்து நிற்கும் தாடாசனம். கண் மட்டத்தில் ஒரு பொருளைப் பார்த்தபடி, எடையை முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோங்கள், ஒரு நிமிடம். ஒற்றைக்கால் ஆசனங்கள் இப்போதைக்கு வேண்டாம். நடுவில் அந்த உணர்வு வந்தால் விழுந்துவிடுவீர்கள். ஓய்வுக்குப் படுத்தே ஆக வேண்டும் என்றால், முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றி, வயிற்றின் மீது கனமான தலையணை ஒன்றை வைத்து, கண் திறந்தபடி 2 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

மூச்சுப் பயிற்சி வேண்டுமென்றால், 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள், 6 சுற்று. அடக்க வேண்டாம். சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கிளப்பும். நீங்களும் அப்படியென்றால், மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு, அறைக்குள் நடந்தபடி காலடிகளை வாய்விட்டு எண்ணுங்கள்.

இனி, திடீரென்று அந்த உணர்வு வரும் வேளைக்கு கிரவுண்டிங், அதாவது கவனத்தை இருக்கும் இடத்துக்கும் இந்த நொடிக்கும் இழுத்து வரும் பயிற்சி. பார்ப்பவை 5, தொடுபவை 4, கேட்பவை 3, முகர்பவை 2, சுவைப்பது 1 என்று எண்ணுகிற முறையைக் கவுன்சலிங்கில் சொல்லித் தந்திருப்பார்கள். 'சுவர், மேஜை, விளக்கு' என்று பாடம் ஒப்பிப்பதுபோல் அடுக்கினால் அது வேலை செய்யாது, மூளை தூங்கிக்கொண்டே ஒப்பித்துவிடும். ஒரே பொருளை எடுத்து நுணுக்கமாகப் பாருங்கள். ஒரு சாவி என்றால்: எத்தனை பல், எது குட்டை, நுனி சில்லென்று இருக்கிறதா, கை பட்டுப் பட்டு எந்த விளிம்பு மழுங்கியிருக்கிறது, வளையத்தில் கீறல் எந்தப் பக்கம். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் குரலே உங்களை இழுத்து நிறுத்தும். கூடவே இன்றைய தேதி, இருக்கும் இடம், உங்கள் வயது. பழைய சம்பவம் ஒன்றின் நினைவில் சிக்கிக்கொள்பவர்களுக்கு வயதைச் சொல்வது முக்கியமாக உதவுகிறது.

குளிர்ந்த நீரை மணிக்கட்டில் விடலாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு நிமிடம் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் தோல் மரத்து, நோக்கமே கெட்டுவிடும். வலிக்கும்வரை பிடிப்பது, ரப்பர் பேண்டால் கையில் அடித்துக்கொள்வது இரண்டும் கூடாது, முக்கியமாகத் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் எப்போதாவது இருந்திருந்தால்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பயிற்சியை ஆரம்பித்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை "போயிடுச்சா, போயிடுச்சா" என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையே அதை நீட்டிக்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று சாவியின் மீதோ, செய்ய வேண்டிய வேலையின் மீதோ கவனத்தை வையுங்கள். நன்றாக இருக்கும் நேரத்திலும் தினம் இரு வேளை பழகுங்கள். உச்சத்தில் இருக்கும்போது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியாது.

ஆசிரியரிடம் முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. "நான் கண்ணை மூட மாட்டேன், என்னைத் தொட்டுத் திருத்த வேண்டாம், நடுவில் நான் நிறுத்தினால் விட்டுவிடுங்கள்" என்று மூன்று விஷயம் சொன்னால் போதும். ஒத்துக்கொள்ளாதவரிடம் தொடராதீர்கள். ஆசனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நிறுத்தும் உரிமையும் உங்கள் கையில் இருப்பதே சிகிச்சையில் பாதி.

2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நெடுநாள் மன அதிர்ச்சியின் பாதிப்பு கொண்ட 64 பெண்கள் கலந்துகொண்டார்கள். 10 வாரம், வாரம் ஒரு மணி நேரம் இதுபோன்ற கவனமான யோகா செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் அதைச் செய்தது மற்ற சிகிச்சையோடு சேர்த்துத்தான். நீங்களும் கவுன்சலிங்கை நிறுத்தாதீர்கள். இந்த நிலைக்கென்றே தனி மருந்து கிடையாது. கூடவே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கு மருந்து உண்டு, பலனும் உண்டு.

அந்த உணர்வு இருக்கும்போது வண்டி ஓட்டாதீர்கள், அடுப்பருகே நிற்காதீர்கள். சில மணி நேரம் நினைவிலேயே இல்லாமல் போவது, எப்படி வந்தோம் என்று தெரியாத இடத்தில் நிற்பது, வலிப்பு, மயக்கம், குரல்கள் கேட்பது ஆகியவற்றில் எது வந்தாலும், ஸ்கேன் முன்பு சரியாக இருந்திருந்தாலும், மருத்துவரை உடனே மறுபடி பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்க வேண்டாம். அருகில் இருப்பவரிடம் சொல்லி, அவரோடு அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.