வாட்ஸ்அப்பில் எழுதுவது அடுத்தவருக்குத் தெரிவது எப்படி?

கேள்வி: நானும் தங்கையும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வதை என் கணவர் வார்த்தை மாறாமல் சொல்கிறார். ‘முனைக்கு முனை மறையாக்கம் உண்டு, நாங்களே படிக்க முடியாது’ என்கிறது வாட்ஸ்அப். பிறகு எப்படி? போனில் ஏதாவது போட்டிருப்பாரோ? ஆண்ட்ராய்டு போன்தான். சிக்னல் செயலிக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: இதை அதே போனில் படித்துக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்துங்கள். வேறொருவர் போனில் படியுங்கள், தேடலையும் அதிலேயே செய்யுங்கள்.

மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப் முழுவதும் இயங்குவது சிக்னல் உருவாக்கிய நெறிமுறையில்தான். அது காப்பது உங்கள் போனுக்கும் தங்கை போனுக்கும் இடையிலான வழியை மட்டும். செய்தி திரையில் தெரிய வேண்டுமானால் போன் அதைப் பிரித்தே ஆக வேண்டும். வேவு செயலி உட்கார்ந்திருப்பது அங்கே. அதனால் சிக்னலுக்கு மாறுவது இதற்கு மருந்தல்ல. டெலிகிராம் இன்னும் மோசம்: சீக்ரெட் சாட் தவிர மற்ற உரையாடல்களுக்கு முனைக்கு முனை மறையாக்கமே கிடையாது.

எது கசிகிறது என்று கவனித்தால் வழி பிடிபடும். உங்களுக்கு வந்த செய்திகள் மட்டும் தெரிந்து, நீங்கள் எழுதியது தெரியவில்லை என்றால், ஏதோ ஒரு செயலி நோட்டிஃபிகேஷனைப் படிக்கிறது. இரு பக்கமும் தெரிந்தால் வாட்ஸ்அப் வேறொரு கருவியிலும் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். தட்டச்சு செய்து அனுப்பாமல் அழித்ததுகூடத் தெரிகிறதென்றால் விசைப்பலகையையோ திரையையோ வாசிக்கும் செயலி இருக்கிறது. போகும் இடம் தெரிவதை மட்டும் வைத்து வேவு செயலி என்று முடிவு கட்டாதீர்கள். கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் ஆன் ஆகியிருந்தாலே போதும்.

இனி பார்க்க வேண்டிய இடங்கள். வாட்ஸ்அப்பில் மூன்று புள்ளியைத் தட்டி ‘லிங்க்டு டிவைசஸ்’ திறங்கள். வீட்டுக்குள் நடக்கும் வேவில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் எந்த மென்பொருளும் தேவையில்லை. ஒரு எண்ணுக்கு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். திறந்த போன் ஒரு நிமிடம் கைக்குக் கிடைத்தால் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து முடித்துவிடலாம். பிறகு உங்கள் போன் அணைந்திருந்தாலும் இணைந்த அந்தக் கருவிக்குச் செய்தி போகும். 14 நாள் உங்கள் போனைப் பயன்படுத்தாவிட்டால் இணைப்பு தானாக அறுந்துவிடும். தினமும் பயன்படுத்துபவருக்கு அதனால் லாபமில்லை. பலர் இங்கே ஏமாறுகிறார்கள்: டூ ஸ்டெப் பின் (வாட்ஸ்அப்பில் எண்ணைப் பதியும்போது கேட்கும் ரகசிய எண்) போட்டாலும் போன் பின்னை மாற்றினாலும் ஏற்கெனவே இணைந்த கருவி போகாது. ஒவ்வொன்றையும் தட்டி லாக் அவுட் செய்தால்தான் போகும்.

கூடவே கைரேகைப் பட்டியலையும் பாருங்கள். பின்னை மாற்றினாலும் முன்பு பதிந்த விரல்கள் அப்படியே இருக்கும். அவர் விரல் அதில் இருந்தால் நீங்கள் தூங்கும்போது பூட்டு தானாகத் திறந்துகொடுக்கும்.

கூகுள் டிரைவ் பேக்கப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதை வேறு போனில் மீட்டெடுக்க உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டும், அப்போது உங்கள் வாட்ஸ்அப் வெளியேறிவிடும், உங்களுக்கே தெரியும். ஐபோனில் நிலைமை வேறு. ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் தெரிந்தவர் ஐகிளவுட் பேக்கப் வழியாகப் பார்க்க முயல்வதுண்டு.

அடுத்தது உண்மையான வேவு செயலி. ஐகானை மறைத்துக்கொள்ளும், ‘சிஸ்டம் சர்வீஸ்’, ‘சிங்க்’ போன்ற சாதுவான பெயர் வைத்துக்கொள்ளும். ஆனால் அனுமதி இல்லாமல் அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, அந்த அனுமதியைப் பெரும்பாலும் மறைக்கவும் முடியாது. செட்டிங்ஸில் மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள்: அக்ஸசிபிலிட்டியில் நிறுவப்பட்ட செயலிகள், நோட்டிஃபிகேஷன் அக்ஸஸ், டிவைஸ் அட்மின் ஆப்ஸ். மூன்றில் அக்ஸசிபிலிட்டிதான் ஆபத்தானது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்ட வந்த வசதி அது. அந்த அனுமதி பெற்ற செயலி திரையில் உள்ள எழுத்தைப் படிக்கும், நீங்கள் தட்டுவதையும் பார்க்கும். சிக்னலில் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும் வசதி இருந்தாலும் இதற்கு எதிராக அதை மட்டும் நம்ப முடியாது. உங்களுக்குத் தெரியாத பெயர் அங்கே ஆன் ஆகியிருந்தால் சந்தேகம் நியாயமானது.

பிறகு பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி ‘பிளே புரொடெக்ட்’ பாருங்கள், தீய செயலிகளைத் தேடும் கூகுளின் சோதனை அது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி போடுபவர்கள் முதலில் அணைப்பது இதைத்தான். நீங்கள் அணைக்காமல் அது அணைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் வெளியிலிருந்து போட்ட செயலிக்கு அக்ஸசிபிலிட்டி தர கூடுதலாக ஒரு படி தாண்ட வேண்டும். அதாவது திறந்த போன் சில நிமிடமாவது அந்த ஆளிடம் இருந்திருக்க வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, போன் சூடாகிறது என்பதையெல்லாம் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பழைய பேட்டரிக்கும் அதே குணம்தான்.

‘பெகாசஸ்’ பயம் வேண்டாம். 2019இல் வாட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 1,400 பேரைக் குறிவைத்த வேவு மென்பொருள் அது. தயாரித்த இஸ்ரேலிய நிறுவனமான என்எஸ்ஓ அதை அரசுகளுக்கே விற்பதாகச் சொல்கிறது.

கண்டுபிடித்ததும் அழித்துவிடாதீர்கள். செயலி போனால், இணைப்பு அறுந்தால், மறுமுனையில் இருப்பவருக்கு உடனே தெரியும். அடிதடி நடக்கக்கூடிய வீடென்றால் முதலில் பாதுகாப்பான இடம், பிறகு நீக்கம். 181 மகளிர் உதவி எண்ணில் பேசலாம். ஒவ்வொரு திரையையும் வேறு போனால் படமெடுத்து வையுங்கள். பெண்ணின் இணைய, மின்னணுத் தகவல்தொடர்பைக் கண்காணிப்பது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம், முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை. தேசிய சைபர் குற்றத் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் தரும்வரை ஃபேக்டரி ரீசெட் வேண்டாம், ஆதாரமும் சேர்ந்து போய்விடும்.

ரீசெட் செய்யும் நாள் வந்தால் வரிசை முக்கியம். கூகுள் கடவுச்சொல்லை வேறு போனிலிருந்து மாற்றி, தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். அதன் பிறகே ரீசெட். பழைய செயலிகளை மொத்தமாக மீட்காமல் பிளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். புது பின், உங்கள் விரல் மட்டும். கடைசியில் வாட்ஸ்அப் டூ ஸ்டெப் பின், அதை மீட்க நீங்கள் மட்டும் திறக்கும் மின்னஞ்சல்.

இத்தனைக்குப் பிறகும் கசிந்தால் தங்கையின் போனை வாங்கிப் பாருங்கள். அங்கேயும் லிங்க்டு டிவைசஸிலிருந்தே ஆரம்பியுங்கள்.