இடாப்பைப் பாருங்கள்: ரீச்சரிடம் கேள்வி பதில்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் 28 வருடம் படிப்பித்து, அதிபராக ஓய்வு பெற்ற ரீச்சர் பதில் சொல்கிறார்.

ரீச்சர், மகனின் வகுப்பில் 44 பிள்ளைகள். நாட்டில் ஆசிரியர் இல்லையா? (ஆரையம்பதி, ஒரு தாய்)

இருக்கிறார்கள் தங்கச்சி. நாடு முழுவதையும் கூட்டி வகுத்தால் ஒரு ஆசிரியருக்குப் பதினேழு, பதினெட்டுப் பிள்ளைகள்தான் வரும். பங்கீடுதான் பிழை. எல்லாரும் பெயர் பெற்ற பாடசாலைக்கு ஓடுகிறோம், அங்கே 44. வலையிறவுப் பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் தரம் 3, 4, 5 மூன்றையும் ஒரே மண்டபத்தில் வைத்து ஒரு ரீச்சர் படிப்பிப்பார். நானும் அப்படிப் படிப்பித்திருக்கிறேன், கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மற்ற வகுப்பு வாய்ப்பாடு பாடும். 44 பேரில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை பின் வாங்கில் மறைந்து போகும், அதைத்தான் கவனியுங்கள்.

பாடசாலைகளுக்கு அரசாங்கம் காசு கொடுக்குதுதானே?

கொடுக்கிறது. கற்பித்தலுக்கான பொருட்கள் வாங்கக் கொடுக்கிற தர உள்ளீட்டு நிதி பெரும்பாலும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வரும். 60 பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கு 60 பேருக்கான காசு. ஆனால் மழைக்கு ஒழுகுகிற கூரை 60 பேருக்கும் 600 பேருக்கும் ஒன்றுதானே? மொத்தத் தொகையும் காணாது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று 2015இல் உலக நாடுகள் கூடிச் சொன்னன. நாங்கள் 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறோம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசு கட்டாவிட்டால் பிள்ளையை வெளியே நிறுத்தலாமா?

முடியாது. காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

எங்கள் பாடசாலையிலும் காசு கேட்கிறார்கள்...

மேலே சொல்லிவிட்டேன். இன்றைக்கு இது நான்காவது தடவை. முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

50 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளை மூடி, பஸ் விட்டால் செலவு மிச்சம்தானே? (கல்முனை)

தம்பி, எந்தப் பஸ்? மழைக்காலத்தில் வீதி வெள்ளத்தில் போகும், அந்தியில் யானை நிற்கும். ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பச் சொன்னால் முதலில் படிப்பை விட்டு நிற்பது தரம் 7 படிக்கிற பெண் பிள்ளைதான். ஒரு பிள்ளை தங்கச்சியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவாள், தாய் குவைத்தில். சின்னவளை நான் பாயில் படுக்க வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். பாடசாலை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தபடியால்தான் அவள் வந்தாள்.

உணர்ச்சிவசப்படுகிறீர்கள் ரீச்சர். மூன்று ஆசிரியர் இருந்து விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லையென்றால் அந்தப் பாடசாலையால் என்ன பயன்? (கல்முனை, அதே தம்பி)

சரி, அந்தக் கேள்வி நியாயமானது. தரம் 6உம் அதற்கு மேலும் உள்ள வகுப்புகளை ஒரு நல்ல பாடசாலையில் சேர்க்கலாம். ஆனால் முதலில் பஸ் ஓட வேண்டும், ஒரு வருடம் தவறாமல் ஓடிக் காட்ட வேண்டும், அப்புறம் மூடுவதைப் பேசுவோம். ஆரம்ப வகுப்புகளில் கை வைக்கக் கூடாது. பிள்ளை நடந்து வருகிற தூரத்தில் அவை இருக்கட்டும்.

திருக்கோவில் பக்கம் அப்படிச் சேர்த்த பிறகு பாதிப் பிள்ளைகள் போவதில்லை.

கேட்டீர்களா தம்பி?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு எந்த ரியூசன் நல்லது?

நான் சொல்லமாட்டேன்.

நான் புதிய ஆசிரியர். தரம் 9 மாணவன் மூன்று வாரமாக இல்லை. என்ன செய்வது?

மூன்று வாரம் பொறுத்திருக்கக் கூடாது மகன், மூன்றாம் நாளே போயிருக்க வேண்டும். வரவு இடாப்பை எடுத்துப் பாருங்கள், அநேகமாக இரண்டு மாதத்துக்கு முன்பே திங்கட்கிழமைகளில் வரவில்லை என்ற சிவப்புக் கோடு விழத் தொடங்கியிருக்கும். அறுவடைக்குப் போயிருப்பான், அல்லது சப்பாத்து இல்லை என்று வெட்கப்பட்டிருப்பான். பின்னேரம் வீட்டுக்குப் போங்கள், ஏச வேண்டாம், தாயிடம் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசுங்கள். 2016இலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி, அதைக் கடைசியாகச் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். அடி, துன்புறுத்தல் என்று தெரிந்தால் உடனே சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு எடுங்கள். அவன் திரும்பி வருகிற அன்று, எல்லாருக்கும் முன்னால் காரணம் கேட்காதீர்கள்.