நான் எந்தப் படியில் நிற்கிறேன்?

அன்புள்ள அண்ணாச்சி,

பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய்வந்தேன். ஏழாம் நாள் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன். வீட்டுக்கு வந்தபிறகும் அம்மா முகத்தைப் பார்த்தால் கண் கலங்குகிறது. அமெரிக்கச் சிந்தனையாளர் கென் வில்பரை வாசிக்கும் நண்பன், இது முன்னேற்றமல்ல, குழந்தை நிலைக்குச் சறுக்குவது என்கிறான். நான் எந்தப் படியில் நிற்கிறேன்?

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் வில்பரைப் பாதிதான் வாசித்திருக்கிறார். மனம் வளரும் விதத்துக்கு வில்பர் சொல்வது ஏணி: 'நான்' உருவாகாத நிலை, 'நான்', அதைக் கடந்த நிலை. முதலும் மூன்றாவதும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் மாற்றிப் புரிந்துகொள்கிறோம் என்றார் அவர். அது இரண்டு பக்கமும் நடக்கும். உளவியலாளர்களில் யுங் குழந்தைத்தனத்தை ஞானமாக ஏற்றிவிடுகிறார், ஃப்ராய்டு ஞானத்தைக் குழந்தைத்தனமாக இறக்கிவிடுகிறார் என்பது அவருடைய புகார். நண்பர் உங்களுக்குச் செய்தது இரண்டாவது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் மைக்கேல் வாஷ்பர்ன் 1988இல் வந்த நூலில் வேறு வழி சொன்னார். ஏணியல்ல, சுருள். பிறக்கும்போது நாம் ஒட்டியிருந்த மனதின் அடித்தளத்தை அழுத்தி மூடித்தான் 'நான்' தலைதூக்குகிறது. பிற்பாடு இறங்கிப்போய் அதைத் தொட்டால்தான் மேலே வழி. குழந்தை அப்படி எதையும் இழக்கவில்லை என்பது வில்பரின் பதில்.

எனக்கு வாஷ்பர்ன் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. காரணம் தத்துவமல்ல, பாட்டி வீட்டு அடுப்பு. கருப்பட்டிக்காக அண்டாவில் அக்கானி (பதநீர்) காயும்போது ஒரு கட்டத்தில் நுரை குபுகுபுவென்று விளிம்புவரை ஏறும். பாட்டி பதறமாட்டாள். ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவாள், நுரை அமரும், துழாவிக்கொண்டே இருப்பாள். அந்நேரம் போய், இது கருப்பட்டியா அக்கானியா என்று கேட்டால் அகப்பைக் காம்பால் அடி விழும்.

பௌத்தத்திலும் படிகள் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கா என்ற நூல் ஏழு தூய்மைகளைச் சொல்கிறது. அதில் அச்சமும் சலிப்பும் வந்தபிறகுதான் சமநிலை வருகிறது. (உங்கள் அழுகைதான் அது என்று நான் சொல்லவரவில்லை.) ஆனால் நிர்வாணத்தை நோக்கிய நான்கு நிலைகளை அளப்பது என்ன அனுபவம் வந்தது என்பதை வைத்தல்ல, மனதைக் கட்டிவைக்கும் பத்துத் தளைகளில் எவை அறுந்தன என்பதை வைத்து. முதல் நிலையில் மூன்று அறும். எட்டாவது தளையின் பெயர் மானம். நாம் பெருமையாகச் சொல்கிற அதே சொல்தான். பாலி மொழியில் அதற்கு, நான் உயர்ந்தவன், சமமானவன், தாழ்ந்தவன் என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது என்று பொருள். காமமும் வெறுப்பும் முற்றாக அறுந்த பிறகும் அது மிச்சமிருக்கும். கடைசி நிலையில், எல்லாத் தளையும் அறுந்த அரகந்தருக்குத்தான் போகும்.

'எந்தப் படியில் நிற்கிறேன்' என்று கேட்பது அந்த எட்டாவது தளை. எனக்கும் இருக்கிறது, இல்லாவிட்டால் உங்கள் நண்பரைப் பாதி வாசித்தவர் என்று எழுதியிருக்கமாட்டேன்.

சரி, தூக்கம் ஒழுங்காக வருகிறதா? இல்லையென்றால் தியானத்தில் உட்கார்வதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு முகாம் ஆசிரியரிடம் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள். அப்புறம், கண் கலங்குவது எதற்கென்று அம்மாவிடம் சொன்னீர்களா?