ஸ்கிரீன்ல வோக்கல் கார்ட் தெரியுது, மூச்சு டியூப் மட்டும் போகலையா?

வணக்கம் டாக்டர், குட்டைக் கழுத்து பேஷண்ட், வீடியோ லாரிங்கோஸ்கோப்ல (தொண்டைக்குள்ள கேமரா வச்சு பாக்குற கருவி) வோக்கல் கார்ட் (குரல் நாண்) பளிச்னு தெரிஞ்சும் டியூப் போகலன்னு குடியாத்தத்துல இருந்து கேட்டிருக்கீங்க. நான் வேலூர்ல அனஸ்தீசியா பாக்குறேன், ஆரம்பத்துல எனக்கும் இதேதான், கையெல்லாம் வேர்த்துப்போச்சு.

லாரிங்கோஸ்கோப் பிளேடை ரொம்ப கிட்ட கொண்டு போயிருப்பீங்கன்னு தோணுது, முழுசா தெரியணும்னு தூக்கத் தூக்க டியூப் திரும்ப இடமே இருக்காது, கொஞ்சம் பின்னாடி இழுங்க, பாதி கார்ட் தெரிஞ்சா போதும். வளைவு அதிகமான பிளேடுன்னா ஸ்டைலட் (டியூபுக்குள்ள விடுற வளையுற கம்பி) கண்டிப்பா வேணும், அதையும் பிளேடோட வளைவுக்கே வளைச்சுக்கோங்க.

முக்கியமா டியூப் உள்ள நுழையும்போது ஸ்கிரீனை பாக்காதீங்க, வாயைப் பாருங்க, இல்லன்னா அண்ணத்துல குத்தி கிழிஞ்சிரும், ரத்தம் வந்து கேமராவும் மறைஞ்சிரும். பள்ளிகொண்டா பக்கம் ஹைவே ஆக்சிடென்ட் கேஸ்னா வாய் முழுக்க ரத்தம்தான், முதல்ல சக்‌ஷன்.

நுனி கார்டுக்குள்ள லேசா நுழைஞ்சதும் கூட இருக்கிறவங்ககிட்ட ஸ்டைலட்டை 3, 4 செ.மீ. பின்னாடி இழுக்கச் சொல்லிட்டு டியூபை தள்ளுங்க, மூச்சுக்குழாய் முன்சுவர்ல தட்டி நின்னா வலப்பக்கமா மெதுவா திருப்புங்க, வழுக்கிட்டு இறங்கும்.

3 தடவைக்கு மேல வேண்டாம் டாக்டர், நடுநடுவுல மாஸ்க்ல ஆக்சிஜன் குடுங்க. டியூப்ல ஆவி படிஞ்சதை நம்பாதீங்க, கேப்னோகிராஃப்ல (வெளிவிடுற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு காட்டுற மானிட்டர்) அலை வருதான்னு பாத்துட்டுதான் பிளாஸ்டர் ஒட்டணும்.