சொதசொதவென்று திரும்பி வரும் சாண்ட்விச்

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் காலையில் சாண்ட்விச் செய்து கொடுக்கிறேன். மதியத்துக்குள் சொதசொதவென்று ஆகிவிடுகிறது என்று பாதியை அப்படியே கொண்டுவருகிறாள். தினமும் சீஸ் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. செலவில்லாமல், எளிதாக என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மகள் சொல்வது நியாயம்தான். ஊறிப்போன பிரெட் பெரியவர்களுக்கே இறங்காது. அதனால் முதலில் ஈரத்தைக் கவனிப்போம். வெள்ளரி, தக்காளி இரண்டிலும் சுமார் 95 சதவீதம் தண்ணீர். உப்புப் பட்டதும் அது வெளியே வந்து பிரெட்டில் இறங்கிவிடும். வெள்ளரியை நறுக்கி உப்புத் தூவி, 10 நிமிடம் கழித்துப் பிழிந்து, துணியில் ஒற்றி எடுங்கள். தக்காளியின் விதையையும் சாற்றையும் வழித்துவிட்டுச் சதையை மட்டும் வையுங்கள். பிரெட்டின் உள்பக்கம் விளிம்புவரை மெல்லிசாக வெண்ணெய் தடவினால் ஈரம் சட்டென்று உள்ளே இறங்காது. டோஸ்ட் செய்தால் நன்றாக ஆறவிட்டு டப்பாவில் வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி வியர்த்து, சொட்டுச் சொட்டாகப் பிரெட்டின் மேலேயே விழும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சரி, உள்ளே என்ன வைப்பது? சீஸுக்குப் பதில் நான் முதலில் சொல்வது கொண்டைக்கடலை. விலை குறைவு, புரதம் உண்டு, பசியும் தாங்கும். இரவு ஊறவைத்து, குழைய வேகவைத்து, நீரை ஒட்ட வடித்து மசியுங்கள். எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், துருவிய கேரட் சேர்த்தால் போதும். கையில் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், அதுதான் பதம். தளர்ந்திருந்தால் வாணலியில் இரண்டு நிமிடம் கிளறுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்கு வரும். உருளைக்கிழங்கும் பட்டாணியும் இதே கணக்குதான். முட்டை என்றால் மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்து, துணியில் கட்டி நீர் வடித்த தயிரோடு மசித்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இவையெல்லாம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஃபிரீசரில் உறையவைத்த சின்னத் தண்ணீர் பாட்டிலை, குளிர் தாங்கும் பையில் டப்பாவோடு ஒட்டி வையுங்கள். அதற்கு வழியில்லாத நாளில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுங்கள், கெடாது. ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகச் சில பள்ளிகளில் வேர்க்கடலையை அனுமதிப்பதில்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மீந்த பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், சீக்கிரம் விறைத்துப்போகும். ஃபிரீசரில் வைத்து, வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து டோஸ்ட் செய்யுங்கள்.