ஆபரேஷன் முடிந்த உடனே குழந்தை பேசிவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டேகால் வயது. இரண்டு காதும் கேட்கவில்லை என்று பெரா என்ற செவித்திறன் பரிசோதனையில் தெரிந்தது. காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கச் சொல்கிறார்கள். அது மூளை ஆபரேஷன் என்று மாமியார் பயப்படுகிறார். நாற்பதாயிரம் கொடுத்தால் காப்பீட்டில் சீக்கிரம் முடித்துத் தருவதாகவும், ஒரே மாதத்தில் பேசிவிடுவாள் என்றும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, ஆரணி

பதில்: அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை உண்டு. அட்டை இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு நீங்களே போங்கள். பெற்றோரின் பதற்றத்தை மோப்பம் பிடித்து வரும் இந்தத் தரகர்களால் ஒரு கையெழுத்தைக்கூட முன்னதாக வாங்க முடியாது.

மாமியாரிடம் சொல்லுங்கள், மூளையைத் தொடுவதே இல்லை. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு வழியாக, நத்தைக்கூடு போன்ற உள்காதுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்துவார்கள். வெளியே மாட்டும் கருவி ஒலியை வாங்கி அனுப்பும். கம்பி அதை மின்துடிப்பாகச் செவி நரம்புக்குக் கொடுக்கும்.

கருவியை இயக்குவதே மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான். அன்று ஒரு குழந்தை, ஸ்டீல் தட்டை நான் தட்டியதும் அம்மாவின் முந்தானையில் முகம் புதைத்து அழுதாள். பிறந்த குழந்தை அன்றுதான் கேட்கத் தொடங்குவது போல. பேச்சு வரப் பல மாதம், சிலருக்கு வருடங்கள். குக்கர் விசில் அடித்தால் உங்கள் காதைத் தொட்டுக் காட்டி, "கேட்டதா?" என்று தினமும் கேளுங்கள். பயிற்சி இல்லையென்றால் கருவி இருந்தும் பயனில்லை. ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் செலவிடும் அரசு, அந்தப் பயிற்சிக்காக ஒரு தாயைக் கைக்குழந்தையோடு மூன்று பஸ் மாறி வரவைக்கிறது. தாலுகா மருத்துவமனைக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளரை நியமிக்க இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

ஆபரேஷனுக்கு முன் சில மாதம் சாதாரணக் காதுக்கருவி மாட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) வந்த பிறகு உங்கள் மகளுக்குக் காது கேட்காமல் போயிருந்தால் அப்படிக் காத்திருக்கவே கூடாது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உள்காதுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். சில வாரங்களிலேயே அது தொடங்கிவிடலாம். முற்றிலும் அடைத்துவிட்டால் கம்பி நுழைய இடமிருக்காது. "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று சீட்டில் எழுதினாலும் எழுந்து போகாதீர்கள். காய்ச்சல் வந்த கதையைச் சொல்லி, உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

அந்த ஆள் உங்கள் காப்பீட்டு அட்டையை வாங்கி வைத்திருந்தால் இன்றே திருப்பி வாங்கிவிடுங்கள்.